உயர்தர வகுப்பின் தொடக்க வேலைகள்: வன்னிப் பாடசாலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் முதல் வாரம். சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு, பெறுபேறு வருமுன்னரே உயர்தர வகுப்பைத் தொடங்கச் சொல்லி நாடெங்கும் அறிவித்தல் வந்திருந்தது. ஏ-9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் பாடசாலையில் 46 பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். உயர்தரப் பகுதித் தலைவியாக நான் பொறுப்பேற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு முன் இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது என் கையில் தந்தது ஓர் அலுமாரித் திறப்பு. திறந்து பார்த்தால் பழைய வினாத்தாள் கட்டுகள் மட்டுமே இருந்தன. எந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை, எந்தப் பாடத்தில் எந்த அலகு வரை முடிந்திருக்கிறது, ஆய்வுகூடத்தில் என்ன குறைவு என்பவை எதுவும் எழுத்தில் இல்லை. அவர் நல்ல ஆசிரியர். எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தார். அவர் போனபோது அவையும் கூடவே போய்விட்டன.

அந்த வாரம் ரொறன்ரோவிலிருக்கும் அக்கா (பெரியம்மாவின் மகள்) தொலைபேசியில் பேசியபோது இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அக்கா அங்கே ஒரு பாடசாலையில் ஐ.பி. (International Baccalaureate) டிப்ளோமா இணைப்பாளர். ‘ஆண்டுத் தொடக்கத்தில் நான் செய்யும் வேலைகளை எழுதி அனுப்புகிறேன், உனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்’ என்றார். அன்றிரவே வந்தது.

ஐ.பி. டிப்ளோமா 1968இல் ஜெனீவாவை மையமாகக் கொண்டு தொடங்கிய இரண்டாண்டுப் படிப்பு. ஆறு பாடங்கள். பெரும்பாலும் மூன்றை உயர்நிலையிலும் மூன்றைப் பொதுநிலையிலும் எடுப்பார்கள். உயர்நிலைக்கு 240 மணித்தியாலம், பொதுநிலைக்கு 150. அவற்றுக்கு மேலே 4000 சொற்களுக்கு மிகாத ஓர் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்ற பாடம், படைப்பு, உடற்செயல், சேவை ஆகியவை. மொத்தம் 45 புள்ளி. நம் பிள்ளைகள் எழுதும் உயர்தரத்துக்கும் அதற்கும் வெகுதூரம்.

ஆகவே பட்டியலைப் படிக்கத் தொடங்கும்போது எனக்கு மனம் கசந்துதான் இருந்தது. இணைந்த கணிதத்துக்கு ஆசிரியரே இல்லாத இடத்தில் இதை வைத்து என்ன செய்வது? ஆனால் கீழே போகப்போக ஒன்று புலப்பட்டது. அக்கா எழுதியிருந்தவற்றில் பாதிக்கு மேல் காசு தேவைப்படாத வேலைகள். பரீட்சைக்கான பதிவு நவம்பர் 15இல் முடிகிறது, ஆகவே பெயர், பிறந்த திகதி, பாடம், நிலை எல்லாவற்றையும் செப்டெம்பரிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து சரிபார். பார்வை, கேட்டல், எழுத்து ஆகியவற்றில் இடர்ப்படும் பிள்ளையை முதல் மாதத்திலேயே கண்டுபிடி. உள்ளகக் கணிப்பீட்டுப் புள்ளிகள் ஏப்ரல் 20க்குள் போக வேண்டும், ஆகவே அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒரே நாட்காட்டி போடு. ஒரே வாரத்தில் இரண்டு பாடங்களின் ஒப்படை விழக்கூடாது. ஒவ்வோர் ஆசிரியரின் கையிலும் நடப்புப் பாட வழிகாட்டி இருக்கிறதா என்று பார். பட்டியல் முழுவதும் ஒரே முறையில் அமைந்திருந்தது: எது முதலில் மூடப்படுமோ அதை முதலில் தொடு.

அந்தப் பட்டியலை 2025 உயர்தர அணிக்கு எப்படிப் பயன்படுத்தினோம், எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதே இந்த ஆய்வு. பிள்ளைகளை இனங்காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பெயர்கள்

முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்றோம். அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பரீட்சை விண்ணப்பத்திலும் அனுமதி அட்டையிலும் அதே பெயரும் அதே திகதியும் நிற்க வேண்டும். வேறிடங்களில் இது ஒரு நாள் வேலை. இங்கே அப்படியல்ல. இந்த அணியின் பிள்ளைகள் பெரும்பாலும் 2007இல் பிறந்தவர்கள். 2008, 2009இல் இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தைகள். வீட்டில் இருந்த பத்திரங்கள் வழியில் எங்கெங்கோ போயின. பாடசாலையில் சேர்த்தபோது, இருந்ததை வைத்து, சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சான்றிதழ்களையும் சேர்விடாப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது ஒன்பது பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை.

அவர்களில் ஒருவனுக்காக வந்தவர் அவனுடைய அம்மம்மா. தாயும் தகப்பனும் 2009இல் போய்விட்டார்கள். இரண்டு முறை மடித்து ரப்பர் வளையம் போட்ட பொலித்தீன் பை ஒன்றை மேசையில் வைத்து, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். கிளினிக் அட்டை, முகாமில் கொடுத்த துண்டு, பின்னாளில் எடுத்த பிறப்புச் சான்றிதழின் பிரதி. பிரதியில் தகப்பன் பெயர் ‘ஸ்ரீ’ என்று தொடங்கியது. பாடசாலைப் பதிவில் அது ‘சிறி’. தமிழில் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அடையாள அட்டைக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் ஓரெழுத்துக் கூடிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் திகதியில் இருந்தது. சான்றிதழில் ஒக்டோபர் 9. பாடசாலைப் பதிவில் செப்டெம்பர் 10. முகாம் துண்டில் இருந்த 10, 09 என்ற இரண்டு எண்களையும் யாரோ ஒருவர் மாற்றிப் படித்திருக்கிறார்.

‘அம்மா, பேரன் எப்போது பிறந்தவன் என்று நினைவிருக்கிறதா?’ என்று கேட்டேன்.

‘புரட்டாதி, ரீச்சர். சனி விரதம் இருந்த மகளைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நவராத்திரி தொடங்கவில்லை.’

செப்டெம்பர் 10 ஆவணி. ஒக்டோபர் 9தான் புரட்டாதி. அரச பத்திரமும் கிழவியின் நினைவும் ஒரே நாளில் வந்து நின்றன. பதினொரு ஆண்டுகளாகப் பாடசாலைப் பதிவில் இருந்த பிழை அந்த மேசையில் தெரியவந்தது. அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதித் திருத்தி, அதன் பின்னரே அடையாள அட்டைக்கு அனுப்பினோம். எல்லாம் முடிய ஏழு வாரம் சென்றது. பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாட்களில் இது தெரியவந்திருந்தால் அந்த ஏழு வாரத்துக்கு எங்கே போயிருப்போம்? ஒன்பது பேரில் ஏழு பேருக்கு அந்த ஆண்டுக்குள் சரிவந்தது. மற்ற இருவருக்கும் 2025 மார்ச் வரை இழுபட்டது.

பார்வை பற்றிய வரியும் வீண்போகவில்லை. பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைச் செய்கிறது. ஆனால் அதற்கு மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே கேட்க வேண்டும். அந்த எண்ணத்தோடு வகுப்பைச் சுற்றி நடந்தபோதுதான், மூன்றாம் வரிசைப் பிள்ளை ஒருத்தி கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவதைக் கண்டேன். மாவட்ட வைத்தியசாலையில் காட்டினோம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. பதினொரு வருடம் படித்த பிள்ளை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பாடத்தெரிவு

ஆண்டுத் தொடக்க வேலைகளில் ஆகக் கடினமானது இதுதான். அதிக நேரம் கொடுக்க வேண்டியதும் இதற்குத்தான் என்பது என் உறுதியான முடிவு.

பெற்றோர் பலரும் ஒரு நம்பிக்கையோடு வருகிறார்கள்: ‘நாங்கள் பின்தங்கிய மாவட்டம்தானே, கோட்டாவில் கிடைத்துவிடும்.’ பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்த 16க்குள் இருக்கின்றன. அது உண்மை. ஆனால் கோட்டா வேலை செய்வது பிள்ளை சரியான மூன்று பாடங்களை எடுத்து, அவற்றில் சித்தியடைந்த பிறகு. பாடத்தைப் பிழையாக எடுத்தால் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) எவ்வளவு வந்தாலும் விரும்பிய பீடத்தின் கதவு திறக்காது. முதலாவது பெற்றோர் கூட்டத்தில் நான் பேசியது இதை மட்டுமே.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது அதன் வாசலைக் கடந்துதான் போகிறார்கள். மூன்று பேர் கணிதப் பிரிவு வேண்டும் என்று வந்ததில் அதிசயம் என்ன? எங்களிடம் இரண்டு ஆண்டுகளாக இணைந்த கணித ஆசிரியர் இல்லை. ‘வருவார், வருவார்’ என்று சொல்லிப் பிள்ளைகளை வைத்திருக்கலாம், பாடசாலையின் எண்ணிக்கையும் குறையாது. அப்படி வைத்திருந்த பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்பது எங்கள் ஆசிரியர் அறைக்குத் தெரியும்.

அதிபரிடம் போய், இந்த மூன்று பேருக்கும் ஆசிரியர் உள்ள பாடசாலையை நாங்களே தேடிக் கொடுப்போம் என்றேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, ‘எழுதுங்கோ ரீச்சர், விடுகைப் பத்திரத்தில் ஒப்பமிடுகிறேன்’ என்றார். இருவர் விடுதி உள்ள பாடசாலைக்குப் போனார்கள். மூன்றாமவன் வீட்டை விட்டுப் போக முடியாத நிலையில் இருந்தான். அவனோடு இரண்டு நாள் பேசி, எங்களிடம் ஆசிரியர் இருந்த பொறியியல் தொழில்நுட்பப் பிரிவைத் தெரிந்தோம். தொழில்நுட்பப் பிரிவு 2013இல் உயர்தரத்துக்கு வந்தது. இன்னமும் பலர் அதை இரண்டாந்தரமாகவே பார்க்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தவள்தான். தொழில்நுட்பப் பீடத்துக்குப் போகும் வழி அது என்பதைப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் திறந்து காட்டிய பிறகுதான் அவன் முகம் தெளிந்தது.

பெறுபேறு வராமல் வகுப்புத் தொடங்கியதால் முதல் தெரிவுகள் எல்லாம் ஊகத்தில் நின்றன. அக்கா சொன்ன ஒரு சிறு வழி இதற்குப் பெரிதும் உதவியது: ‘முதல் தெரிவைப் பென்சிலால் எழுது. பெறுபேறு வந்ததும் பேனையால் எழுது. பேனையால் எழுதும்போது பிள்ளையும் வீட்டிலிருந்து ஒருவரும் பக்கத்தில் இருக்கட்டும்.’ செப்டெம்பர் இறுதியில் பெறுபேறு வந்தது. அடுத்த இரண்டு வாரமும் பிற்பகலில் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் என்று உட்கார்ந்தோம். பென்சில் எழுத்தை அழித்து வேறு எழுதியவர்கள் பதினொரு பேர்.

அவர்களில் பூநகரிப் பக்கத்தில் வயல் செய்யும் ஒருவரின் மகள் உயிரியல் பிரிவில் இருந்தாள். பௌதிகவியல் அவளுக்கு ஓடவில்லை. அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்க விரும்பினாள். ஆனால் தகப்பனிடம் சொல்லப் பயம்.

‘பௌதிகத்தை விட்டால் டொக்டருக்குப் படிக்க முடியாதா, ரீச்சர்?’ என்றார் அவர்.

‘முடியாது ஐயா. மருத்துவத்துக்கு உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் மூன்றும் வேண்டும்.’

‘அப்படியென்றால் விவசாயமா? அதை நானே காட்டிக் கொடுப்பேனே.’

மகள் தலை நிமிராமலே சொன்னாள்: ‘கடற்கரைப் பக்கத்து வயலில் ஏன் உப்பு ஏறுகிறது என்று கேட்பீர்களே அப்பா. அதைத்தான் அங்கே படிக்கிறார்கள்.’

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. மேசையில் இருந்த பேனையை எடுத்து மகளிடம் நீட்டினார்.

இந்தப் பதினைந்து நிமிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். நேரசூசியில் இடமில்லை என்பார்கள். நாங்கள் அதை ஒன்றரை மணிக்குப் பிறகுதான் செய்தோம். மூன்று ஆசிரியர்கள் யாழ்ப்பாண பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

மழையைக் குறித்த நாட்காட்டி

ஒரு முழு பிரிஸ்டல் போட் வாங்கி ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினோம். 2025 நவம்பரில் பரீட்சை என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி 17 மாதங்களைக் கட்டங்களாகப் பிரித்தோம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைகளைப் பச்சையில் குறித்தோம். அடுத்ததாகத்தான் எங்கள் மண்ணின் நாட்காட்டி வந்தது. காலபோக அறுவடை நடக்கும் ஜனவரி, பெப்ரவரிக்குக் கபில நிறம். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் சிவப்பு. வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பருக்கு நீலம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் எந்தெந்தப் பாதையில் பஸ் ஓடாது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளே சொன்னார்கள். அதையும் ஓரத்தில் எழுதினோம்.

நிறம் தீட்டி முடிந்ததும் பௌதிகவியல் ஆசிரியர் எட்ட நின்று பார்த்து, ‘வெள்ளைக் கட்டம் மிகக் குறைவாக இருக்கிறதே’ என்றார். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி ஒவ்வோர் அலகுக்கும் இத்தனை பாடவேளை என்று தருகிறது. அந்தப் பாடவேளைகளை வெள்ளைக் கட்டங்களில் நிரப்பிப் பார்த்தபோது, பாடத்திட்டத்தை 2025 செப்டெம்பர் முடிவுக்குள் முடித்தே ஆக வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஒக்டோபரை நம்பக்கூடாது. இரசாயனவியலும் உயிரியலும் ஒரே வாரங்களில் செயன்முறை வைத்திருந்தன. அதைப் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டார்கள்.

நீல நிறத்தின் அருமை எதிர்பார்த்ததைவிட விரைவாகவே தெரிந்தது. 2024 நவம்பர் 25இல் எங்கள் மூத்த அணிக்குத் தொடங்கிய உயர்தரப் பரீட்சை, இரண்டு நாள் நடந்தவுடன் வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. எங்கள் புதிய அணிக்கு அந்த வாரங்களில் புதுப் பாடம் எதுவும் வைத்திருக்கவில்லை. வீட்டில் இருந்து படிக்க நிழற்பிரதிகளை முன்னரே கொடுத்திருந்தோம். வகுப்பு நடக்காத நாட்களால் எதுவும் பின்தங்கவில்லை.

கபில நிறம் இன்னொரு பேச்சுக்கு வழிவகுத்தது. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். அறுவடைக்குப் பிள்ளை வயலுக்குப் போகத்தான் வேண்டும் என்ற வீடுகள் உண்டு. அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. பத்து நாளில் இரண்டு நாளுக்கு மேல் விடமுடியாது, எந்த இரண்டு நாள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்றோம். பெரும்பாலானோர் சொன்னார்கள்.

கைகொடுக்காதவை

அக்காவின் 4000 சொல் கட்டுரையைப் பார்த்து ஆசைப்பட்டு, நம் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி 400 சொல் எழுதட்டும் என்றேன். ஆறு பேர் மட்டுமே தந்தார்கள். புள்ளி இல்லாத வேலைக்கு இந்தப் பிள்ளைகளிடம் நேரம் இல்லை. ரியூஷன், வீட்டு வேலை, தங்கை தம்பியைப் பார்ப்பது என்று நாள் முடிந்துவிடுகிறது. ஐ.பி. படிப்பில் அந்தக் கட்டுரைக்குப் புள்ளியும் உண்டு, மேற்பார்வைக்கு ஆசிரியரும் உண்டு. அந்த இரண்டையும் கொடுக்காமல் வேலையை மட்டும் நான் கொண்டுவந்தேன். பிழை என்னுடையது. வந்த ஆறில் இரண்டு மிக நல்லவை. அவற்றை இன்றும் வைத்திருக்கிறேன்.

முதலாவது பெற்றோர் கூட்டத்தை வேலைநாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்ததும் தவறு. தாய்மார் பலர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். வந்தவர்கள் பதினைந்து பேர்கூட இல்லை. ஞாயிறு மாலைக்கு மாற்றியதும் மண்டபம் நிறைந்தது. பேசியதையே மீண்டும் பேச வேண்டியிருந்தது.

சிவப்புக் கோப்பு

அலுமாரித் திறப்போடு எனக்கு ஏற்பட்ட நிலை அடுத்து வருபவருக்கு வரக்கூடாது என்று ஒரு கோப்புத் தொடங்கினோம். பிள்ளைக்கு ஒரு தாள்: பெயர் சரிபார்த்த திகதி, தெரிந்த பாடங்கள், வீட்டில் யாரோடு பேச வேண்டும், மழையில் எந்தப் பாதை. பாடத்துக்கு ஒரு தாள்: முடிந்த அலகு, மிச்சம், ஆய்வுகூடக் குறைவு. ஆசிரியர்கள் வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. 2025 ஜனவரியில் உயிரியல் ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனார். புதிதாக வந்தவர் திங்கட்கிழமை வந்து, கோப்பைப் படித்து, செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து கற்பிக்கத் தொடங்கினார். அதன் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

2025 நவம்பர் 10இல் பரீட்சை தொடங்கியது. மாத இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தது. பரீட்சை மீண்டும் நிறுத்தப்பட்டு, எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. வெள்ளம் வடியத் தொடங்கியதும் நானும் இரண்டு ஆசிரியர்களும் சிவப்புக் கோப்பை நடுவில் வைத்துக்கொண்டு, எங்களோடு தொடர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தோம். எங்கே இருக்கிறாய், புத்தகம் நனைந்ததா, அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் கையில் இருக்கின்றனவா என்று மூன்றே கேள்விகள்.

ஒக்டோபர் 9இல் பிறந்த அந்தப் பையன் மூன்றாவது முயற்சியில்தான் கிடைத்தான். இடைத்தங்கல் முகாமாக மாறியிருந்த ஒரு பாடசாலையில் இருந்தான். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீராம். கொப்பிகள் எல்லாம் போய்விட்டனவாம்.

‘அட்டைகள்?’ என்றேன்.

‘இருக்கின்றன, ரீச்சர். அம்மம்மா பொலித்தீன் பையில் போட்டு இடுப்பில் கட்டியிருக்கிறா.’

அவனுடைய தாளில் திகதி போட்டு, அடுத்த இலக்கத்தை அழுத்தினேன்.